அப்டேட்டுக்குப் பிறகு எழாத பழைய லேப்டாப்: ஃபார்மட் போடக் கொடுப்பதற்கு முன்

நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். 2013-இல் வாங்கிய லேப்டாப். மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பல மாதம் மூடிக் கிடந்ததை எடுத்து நெட்டில் இணைத்தீர்கள். அணைக்கும்போது அப்டேட் ஓட ஆரம்பித்து 27 சதவீதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றது. தம்பி பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டார். அதிலிருந்து கம்பெனி லோகோ வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, ‘ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்று காட்டுகிறது, பிறகு மறுபடியும் லோகோ. கடையில் ஃபார்மட் போட்டால்தான் ஆகும், மதர்போர்டும் போயிருக்கலாம் என்றார்களாம். எப்படிச் சரிசெய்வது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், அப்பாவின் படங்கள் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். லேப்டாப் சர்வீஸ் என் பல வருடத் தொழில். இந்த மாதிரி வருகிற மெஷின்களில் விண்டோஸைத் திரும்ப ஓட வைப்பது சின்ன வேலை. எந்த வேலையை முதலில் செய்வது என்பதில்தான் படங்கள் பிழைப்பதும் போவதும் இருக்கிறது. எனவே இப்போதைக்கு ஃபார்மட் வேண்டாம். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதும் வேண்டாம். அணைத்து வையுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்தே ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. மதர்போர்டு போயிருக்க வாய்ப்பு குறைவு. லோகோ வருகிறது என்றால் பிராசசர், ராம், திரை, பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) எல்லாம் தங்கள் சோதனையைத் தாண்டிவிட்டன. புள்ளிகள் சுற்றுகின்றன என்றால் டிஸ்க்கிலிருந்து விண்டோஸின் முதல் பகுதியைப் படிக்க முடிந்திருக்கிறது. ரிப்பேர் வரி தெரிகிறது என்றால் அது நல்ல தூரம் உள்ளே போய்விட்டது. விளக்கே எரியாமல் கிடப்பதும், விளக்கு எரிந்து திரை கறுப்பாகவே இருப்பதும் வேறு நோய்கள். அங்கே சார்ஜர், ராம், மதர்போர்டு, பாதியில் கெட்டுப்போன பயாஸ் அப்டேட் என்று சந்தேகம் வேறு பக்கம் போகும். உங்களுடையது அந்த வகை இல்லை.

உறுதியாகச் சொல்ல முடியாததும் ஒன்று உண்டு. அப்டேட் பாதியில் அறுந்ததால் விண்டோஸ் குழம்பிக் கிடக்கிறதா, அல்லது ஹார்ட் டிஸ்க்கே சாகக் கிடக்கிறதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே அறிகுறிதான். 27 சதவீதத்தில் நின்றதையும் இரண்டு விதமாகப் படிக்கலாம். விண்டோஸ் அப்டேட் முதலில் புதிய ஃபைல்களை ஓரமாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல்களை அந்த நேரத்தில் மாற்ற முடியாது என்பதால், அணைக்கும்போதும் திரும்ப எழும்போதும் பழையதை எடுத்துப் புதியதை வைக்கும். அதில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் சிதறிக் கிடக்கும். உங்கள் லேப்டாப்பின் வயதில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் டிஸ்க்தான் இருக்கும். பெரிய சினிமா ஃபைலை அது வேகமாக நகலெடுத்துவிடும். சிதறிய சின்ன ஃபைல்கள் என்றால் டிஸ்க்கைப் படிக்கும் முள் அங்கும் இங்கும் ஓடியே நேரம் போய்விடும். மாதக்கணக்கில் சேர்ந்த அப்டேட், 4 ஜிபி ராம், இந்த டிஸ்க் எல்லாம் சேர்ந்தால் ஒரு மணி நேரம் ஒரே சதவீதத்தில் நிற்பது நடக்கக்கூடியதே. அதே சமயம், கெட்டுப்போன ஓரிடத்தைப் படிக்க முடியாமல் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தாலும் வெளியே தெரிவது இதே 27 சதவீதம்தான். தம்பியைத் திட்டாதீர்கள். திரையை மட்டும் பார்த்து அதைப் பிரித்தறிய யாராலும் முடியாது.

என் அனுபவத்தில், எட்டு பத்து வயது தாண்டிய ஹார்ட் டிஸ்க் லேப்டாப் அப்டேட்டுக்குப் பிறகு படுத்தால் நான் முதலில் சந்தேகப்படுவது டிஸ்க்கைத்தான். கரையான் அரித்த பீரோ வீடு மாற்றுகிற அன்றைக்குக் கால் உடைவது போலத்தான் இது. தினமும் பிரவுசர் மட்டும் திறந்து மூடும்போது டிஸ்க்கின் ஒரு சின்னப் பகுதியே வேலை செய்கிறது. அப்டேட் வரும் நாளில்தான் பல மாதமாகத் தொடாத இடங்களையெல்லாம் படித்து எழுத வேண்டிவருகிறது. பலவீனம் அன்றைக்கு வெளியே தெரிகிறது.

இதற்காக அப்டேட்டின் மேல் குற்றமே இருக்காது என்று சொல்லவில்லை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசசர் ஓட்டைகளை அடைக்க வந்த விண்டோஸ் அப்டேட், சில பழைய ஏஎம்டி பிராசசர் மெஷின்களை எழவே விடாமல் செய்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அந்த மெஷின்களுக்கு அதை அனுப்புவதை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்ட் அப்டேட், விண்டோஸும் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்த்து வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸ் பக்கத்தைத் திறக்க விடாமல் அடைத்தது. 2025 அக்டோபரில் வந்த ஒரு விண்டோஸ் 11 அப்டேட், பழுதுபார்க்கும் திரையில் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாதபடி ஆக்கியது. அதை ஓரிரு வாரத்துக்குள் தனி அப்டேட் விட்டுச் சரிசெய்தார்கள். ஆகவே இரண்டு வாய்ப்பையும் திறந்தே வைத்துக்கொள்வோம். நல்லவேளையாக, எது காரணமாக இருந்தாலும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்றுதான்.

முதலில் காதைக் கொடுங்கள். அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, கடைசியாக ஒரு முறை ஆன் செய்து, கை வைக்கும் இடத்துக்கு அருகே காதை வையுங்கள். பழைய மாடல்களில் டிஸ்க் பெரும்பாலும் அந்தத் தட்டுக்கு அடியில் ஒரு பக்கமாக இருக்கும். நல்ல டிஸ்க் மெல்லிய இரைச்சலோடு சுற்றும், இடையிடையே ஒழுங்கில்லாத லேசான கரகரப்பு கேட்கும். ஒரே இடைவெளியில் டக், டக், டக் என்று அடித்துவிட்டு, சுற்றுவது நின்று, மறுபடி சுற்ற ஆரம்பித்து மறுபடி டக், டக் என்றால் உடனே அணைத்துவிடுங்கள். படிக்கும் முள் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போகும் சத்தம் அது. அந்த நிலையில் நீங்களும் எதுவும் செய்யக் கூடாது, சாதாரணக் கடையிலும் கொடுக்கக் கூடாது. டேட்டா ரெக்கவரி மட்டுமே செய்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவாகும், எல்லாம் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. டிஸ்க்கை ஃப்ரீசரில் வைப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது என்று நெட்டில் வரும் யோசனைகள் மிச்சமிருக்கும் வாய்ப்பையும் கெடுத்துவிடும்.

அந்தச் சத்தம் இல்லையென்றால் அடுத்த வேலை, விண்டோஸைத் தொடாமலே டிஸ்க்கைப் பார்ப்பது. வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட்டை (லினக்ஸின் ஒரு வகை) டவுன்லோட் செய்து, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும், காலியானதை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சொருகி லேப்டாப்பை ஆன் செய்த கணத்திலிருந்து பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல்லில் எஃப்12, ஹெச்பியில் எஸ்கேப் அழுத்தி எஃப்9, ஆசஸில் எஸ்கேப், லெனோவோவில் எஃப்12 அல்லது ஓரத்தில் ஊசித்துளையில் இருக்கும் சின்ன நோவோ பட்டன். ஏசரில் எஃப்12-ஐ முதலில் பயாஸில் அனுமதித்தால்தான் வேலை செய்யும். மின்ட் பென் டிரைவிலிருந்தே ஓடும். டெஸ்க்டாப்பில் ‘இன்ஸ்டால்’ என்று ஒரு ஐகான் இருக்கும், அதை மட்டும் தொடாதீர்கள். அது அரை மணி நேரம் உறையாமல், தானாக அணையாமல் ஓடினால், மதர்போர்டு போய்விட்டது என்ற பேச்சுக்கும் ஏறக்குறைய பதில் கிடைத்துவிடும். பிராசசரும் ராமும் திரையும் அப்போது வேலை செய்துகொண்டுதானே இருக்கின்றன. டிஸ்க் சொருகும் இடத்தில் மட்டும் கோளாறு இருக்கக்கூடும் என்ற சின்னச் சந்தேகம் மிஞ்சும்.

அப்புறம் மெனுவில் ‘டிஸ்க்ஸ்’ என்று தேடித் திறந்து, இடது பக்கம் உங்கள் 500 ஜிபி டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள மெனுவில் ‘ஸ்மார்ட்’ தகவலைப் பாருங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு இது. நீளமான பட்டியல் வரும். 5, 197 என்ற எண்ணுள்ள இரண்டு வரிகள் போதும். 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்திய செக்டார்களின் (டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள்) கணக்கு. 197-ஆம் எண், படிக்க முடியாமல் தீர்மானம் ஆகாமல் நிற்கும் செக்டார்களின் கணக்கு. இரண்டும் பூஜ்யம் என்றால் பெரிய நிம்மதி. 5-இல் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் உடனே பயப்பட வேண்டாம், ஆனால் அந்த டிஸ்க்கை இனி நம்பவும் வேண்டாம். 197-இல் பூஜ்யம் தவிர எது இருந்தாலும் அவசரம். மேலே ‘டிஸ்க் ஓகே’ என்று மொத்தத் தீர்ப்பு எழுதியிருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஓகேயுடனே செத்துப்போன டிஸ்க்குகள் நிறைய வந்திருக்கின்றன.

எண்கள் நன்றாக இருந்தால் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சொருகி, மின்ட்டின் ஃபைல் விண்டோவில் விண்டோஸ் பகுதியைத் திறந்து நகலெடுங்கள். விண்டோஸ் சரியாக அணையாததால் அந்தப் பகுதி படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது என்று ஒரு செய்தி வரலாம். அதுவே நமக்கு நல்லது, அதை மாற்ற முயலாதீர்கள். ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருப்பதை முழுதாக எடுத்துவிடுங்கள். படங்கள் பிக்சர்ஸில் மட்டும் இருக்காது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், போனிலிருந்து கேபிள் போட்டு இறக்கிய ஏதோ ஒரு ‘நியூ ஃபோல்டர்’, டி டிரைவ் என்று சிதறிக் கிடக்கும். அப்பா பாமினி மாதிரி பழைய தமிழ் எழுத்துருக்களில் ஏதாவது அடித்து வைத்திருந்தால், ‘விண்டோஸ்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். எழுத்துரு இல்லாமல் அந்தக் கடிதங்களைத் திறந்தால் புரியாத ஆங்கிலக் குறிகளாகத்தான் தெரியும். இதைப் பலரும் மறந்துவிட்டுப் பிறகு அலைகிறார்கள். எடுத்து முடித்ததும் வெளி டிஸ்க்கை வேறு கணினியில் போட்டு, பல ஃபோல்டர்களிலிருந்தும் படங்களைத் திறந்து பாருங்கள். பெயர் மட்டும் தெரிந்து படம் திறக்காமல் போவது உண்டு.

197-இல் எண் ஏறியிருந்தால் இப்படி ஃபோல்டர் ஃபோல்டராக இழுக்காதீர்கள். கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டு அதையே அடித்து அடித்து டிஸ்க் களைத்துவிடும். இதற்கென்றே டிடிரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸ் கருவி இருக்கிறது. முதலில் சிரமமில்லாமல் படிக்க முடிகிற இடங்களையெல்லாம் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் வரும். எங்கே விட்டது என்று குறித்து வைத்துக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். லினக்ஸ் பழக்கமில்லாத ஒருவர் முதன்முதலாகத் தன் ஒரே பிரதியில் இதைச் செய்து பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

படங்கள் பத்திரமான பிறகு விண்டோஸுக்கு வருவோம். ஆட்டோமேட்டிக் ரிப்பேர் சுற்றிச் சுற்றி வந்தாலும், இரண்டு மூன்று முறை எழாமல் போனால் நீலத் திரையில் ‘ட்ரபிள்ஷூட்’ மெனு கிடைக்கும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, அதற்குள் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. அங்கே இரண்டு வகை காட்டும். மாதாமாதம் வரும் சின்ன அப்டேட்டை முதலில் நீக்குங்கள். அதில் சரியாகாவிட்டால் பெரிய பதிப்பு மாற்றத்தை நீக்கலாம், ஆனால் அது வழக்கமாக 10 நாள்வரைதான் முடியும். இரண்டும் மறுத்தால், விண்டோஸைப் பழைய தேதி நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர். அப்டேட்டுக்கு முந்தைய தேதி ஏதாவது அதில் இருந்தால் அதிர்ஷ்டம். அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்து ஓடும் சேஃப் மோடில் மட்டும் எழுகிறது என்றால் விண்டோஸ் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, ஏதோ ஒரு பாகத்தை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருளான டிரைவர்தான் தடுக்கிறது. பழைய லேப்டாப்பில் நான் முதலில் பார்ப்பது டிஸ்ப்ளே டிரைவரை. 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால் அது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும். 2013 மாடலில் இது வர வாய்ப்பு குறைவு, இருந்தாலும் கீ கைக்கு வராமல் எதையும் அழித்துவிடாதீர்கள்.

கட்டளை அடிக்கும் கமாண்ட் ப்ராம்ப்ட் திரையில், டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்லிப் பல வீடியோக்கள் இருக்கின்றன. நல்ல டிஸ்க்கில் அது உதவும். சாகும் டிஸ்க்கில், படங்களை எடுக்கும் முன் ஓட்டினால் நாசம். ஃபைல் அமைப்பை ஒழுங்குபடுத்துகிறேன் என்று படிக்க முடியாததைத் துண்டு துண்டாக ஒதுக்கிவிடும். இன்னொன்று, பழுதுபார்க்கும் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். உங்கள் சி டிரைவ் அங்கே டி என்று வந்திருக்கலாம். ‘விண்டோஸ்’ ஃபோல்டர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் கமாண்ட் கொடுத்துவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பவர்கள் அதிகம்.

பயாஸுக்குள் ஒரு முறை போய்த் தேதியையும் பாருங்கள். வருடம் தப்பாக, லேப்டாப் வாங்குவதற்கும் முன்னால் போய் நின்றால் உள்ளே இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருக்கிறது. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த மெஷினில் இது சகஜம். செல் தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். சில மாடல்களில் டிஸ்க்கை அணுகும் முறை ஏஹெச்சிஐயிலிருந்து வேறொன்றுக்கு மாறிவிடும். அப்போது எந்தக் கோளாறும் இல்லாத விண்டோஸ்கூட எழாது. பழி அப்டேட்டின் மேல் விழும். ஏஹெச்சிஐக்குத் திருப்பி வைத்தால் அடுத்த நொடியே எழுந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் விஷயத்தில் இது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவுதான், ஆனால் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

எல்லாம் சரியாகி விண்டோஸ் எழுந்துவிட்டாலும் அந்தப் பழைய டிஸ்க்கில் தொடர வேண்டாம். அதே இடத்தில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), முடிந்தால் ராமை 8 ஜிபி ஆக்குவது, இந்த இரண்டும் செய்தால் ஐ3 இன்னும் சில வருடம் நன்றாக உழைக்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. தனியாகப் பதிவுசெய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கான இன்டெல் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, உங்களுடையது அதில் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டில் திரும்ப இதே இடத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கும். பிரவுசர், படம் பார்ப்பது, கடிதம் அடிப்பது இவ்வளவுதான் என்றால், பென் டிரைவில் ஏற்கெனவே ஓட்டிப் பார்த்த அதே மின்ட்டைப் புது எஸ்எஸ்டியில் போட்டுவிடுங்கள் என்பேன்.

இதையெல்லாம் வீட்டில் செய்யத் துணிவில்லை என்றால் கடைக்கே போங்கள், தப்பில்லை. ஃபார்மட் என்று சொன்னவர் உங்களை ஏமாற்றப் பார்த்தார் என்றும் நான் நினைக்கவில்லை. விண்டோஸை ஓட வைக்க அது சுலபமான வழி, படங்களைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கொடுக்கும்போது ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லுங்கள்: “பழைய ஹார்ட் டிஸ்க்கில் எதையும் அழிக்க வேண்டாம். அதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, புது எஸ்எஸ்டியில் போடுங்கள்.” ரசீதிலும் அதை எழுதி வாங்குங்கள். 2013 மாடல்களில் பெரும்பாலும் அடி மூடியின் சில ஸ்க்ரூக்களைக் கழற்றி, டிஸ்க்கைப் பக்கவாட்டில் இழுத்தால் வந்துவிடும். அதை சில நூறு ரூபாய் யூஎஸ்பி கேஸிங்கில் போட்டு வேறு கணினியில் சொருகியே படங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, அந்தக் கணினி விண்டோஸ் என்றால் ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’ என்றோ ‘ஃபார்மட்’ என்றோ கேட்கும் பெட்டி எது வந்தாலும் கேன்சல் கொடுங்கள்.

மின்ட்டில் பார்த்துவிட்டு 5, 197 இரண்டு வரிகளிலும் வரும் எண்களை இங்கே எழுதுங்கள். லேப்டாப்பின் மாடல் பெயரையும், டிஸ்க்கில் என்ன சத்தம் கேட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால், நேராக நகலெடுக்கலாமா, டிடிரெஸ்க்யூதானா, அல்லது ரெக்கவரி இடத்துக்கே போக வேண்டுமா என்று சொல்லிவிடலாம்.